எந்த வீழ்ச்சிக்கு எந்தக் கவசம்?

மாமல்லபுரத்தில் மனிதத் தலைக்கு நேரக்கூடிய இருவேறு ஆபத்துகள் நடந்து கடக்கும் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஊரின் மேற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருசக்கர வாகனங்கள் இரவும் பகலும் விரைகின்றன. கிழக்கே, கடற்கரைக் கோயிலையொட்டி எழும் அலைகளில் இளைஞர்கள் பலகைமீது நின்று சறுக்குகிறார்கள். சாலையில் விழுபவரின் தலை தாரையும் நடுத்தடுப்பையும் சந்திக்கிறது; அலையில் விழுபவரின் தலை சொந்தப் பலகையையோ நீருக்கடியில் கிடக்கும் பாறையையோ சந்திக்கிறது. இந்த இரண்டுக்கும், இமயமலையின் பனிச்சரிவில் சறுக்கி இறங்குபவர் அணிவதற்கும் தமிழில் தலைக்கவசம் என்ற ஒரே சொல் வழங்கினாலும், ஒவ்வொரு கவசமும் ஒரு குறிப்பிட்ட வகை வீழ்ச்சிக்காகவே வடிவமைக்கப்படுகிறது. ஆகவே விலையையும் நிறத்தையும் தோற்றத்தையும் பார்ப்பதற்கு முன், எந்த வீழ்ச்சிக்காக இதை வாங்குகிறோம் என்று கேட்டுக்கொள்வதே சரியான தேர்வின் முதற்படியாகும்.

கவசத்துக்குள் நடப்பது

சாலைப் பயணத்துக்கான தலைக்கவசம் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே தெரியும் ஓடு ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற உறுதியான பிளாஸ்டிக்காலோ கண்ணாடி இழையாலோ செய்யப்படுகிறது. மோதலின் விசை ஒரே புள்ளியில் குவியாமல் பரப்புவதும், கூரிய பொருள் உள்ளே இறங்காமல் தடுப்பதும், தரையில் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்வதும் அதன் வேலைகள். ஓட்டுக்கு அடுத்து இருப்பது, தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்று எல்லோரும் அறிந்திருக்கும் பாலிஸ்டைரீன் நுரைப்பொருளின் அடர்த்தி மிகுந்த வடிவம். தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணியும் பஞ்சும் மூன்றாவது அடுக்கு. அது கவசம் தலையில் பொருந்தி அமர்வதற்கு உதவுகிறது. வாங்குபவர் கண்ணால் காண்பது முதல் அடுக்கையும் மூன்றாம் அடுக்கையும்தான். உயிரைக் காக்கும் முதன்மையான பணியைச் செய்வதோ இடையில் மறைந்திருக்கும் நுரை அடுக்கு.

அந்தப் பணியை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆறடி உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும் கணத்தில் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தை அடைந்திருக்கும். உயரம் மட்டுமே தரும் வேகம் இது என்பதால், நின்றுகொண்டிருப்பவர் சரிந்து விழுந்தாலும் இந்த அபாயம் உண்டு. வெறுந்தலை தார்ச்சாலையில் மோதி மூன்று மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால், அதன் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 600 மடங்காகிறது. அதே தலை, நுரை அடுக்கு நசுங்கிக் கொடுப்பதால் மூன்று சென்டிமீட்டர் தொலைவில் நிற்குமானால், அது 60 மடங்காகக் குறைகிறது. இந்தச் செயல் முழுவதும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடியைப் பத்தில் ஒன்றாக்கும் அந்த மூன்று சென்டிமீட்டர்தான் கவசத்தின் உண்மையான மதிப்பு. ஆனால் நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதால், ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே கீறல்கூட இல்லாமல் தோன்றினாலும் தன் கடமையை முடித்துவிட்டதாகவே கருதப்பட வேண்டும்.

நேராக மோதுவதைவிடச் சாய்வாக மோதுவதே சாலையிலும் பனியிலும் மிகுதி. சாய்வான மோதலில் தலை சட்டென்று சுழல்கிறது. மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதக்கும் மூளை அந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குவதால், அதன் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுபடுகின்றன. எலும்பு முறியாமலேயே மூளை சேதமுறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைக் குறைப்பதற்காக ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் உருவாக்கப்பட்ட மிப்ஸ் என்ற ஏற்பாட்டில், கவசத்தின் உட்புறம் தலைமீது சிறிதளவு நழுவும்படி உராய்வு குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று சேர்க்கப்படுகிறது. ஐரோப்பாவின் புதிய சாலைக்கவசத் தரநிலையான இசிஇ 22.06, சாய்வான மோதலையும் சோதனையில் சேர்த்துள்ளது.

ஒரு மருத்துவரின் கேள்வி

சாலைக்கவசம் பற்றிய அறிவியல் ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலானது ஒரு மரணம். 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் தம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்ட டி. இ. லாரன்ஸ், அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த படைவீரரும் எழுத்தாளருமான அவர், நினைவு திரும்பாமலேயே ஆறாம் நாளில் இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், இத்தகைய மரணங்கள் தடுக்கக் கூடியவைதாமா என்று ஆராயத் தொடங்கி, மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களையும் கவசத்தின் பயனையும் பற்றிய கட்டுரையை 1941இல் வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான கட்டாயச் சட்டம் அந்நாட்டில் 1973இல்தான் வந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரண அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாக முடிவு கூறியது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவின் மூலம் தலைக்கவசத்தை வலியுறுத்துகிறது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம் மீறலுக்கு 1,000 ரூபாய் அபராதத்தையும் மூன்று மாத ஓட்டுநர் உரிம இடைநீக்கத்தையும் விதிக்க இடமளித்தது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் கவசம் அணிவது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றிச் செல்லும்போது குழந்தைக்கும் கவசமும் ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும் என்றும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், அபராதத்திலிருந்து தப்புவதற்கு ஒரு கவசம், தலையைக் காப்பதற்கு ஒரு கவசம் என்று இருவகைப் பொருள்கள் சந்தையில் நிலைத்திருப்பதுதான் வருந்தத்தக்கது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான தலைக்கவசங்களைத் தயாரிக்கவும் விற்கவும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையைப் பார்ப்பது என்பது மூன்றெழுத்தைக் கண்டுகொள்வதோடு முடிவதில்லை. முத்திரையின் மேல்பகுதியில் ஐஎஸ் 4151 என்ற தரநிலை எண்ணும், கீழ்ப்பகுதியில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும்; அந்த உரிம எண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் விவரம் கைபேசித் திரையில் தோன்றும். திரையில் தோன்றும் பெயரும் கவசத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லையென்றால் அந்தப் பொருளைத் தவிர்ப்பதே அறிவுடைமை. கட்டுமானத் தொழிலாளர் அணியும் மஞ்சள் தொப்பியை வண்டியில் அணிந்து செல்வோரும் உண்டு. அது ஐஎஸ் 2925 என்ற வேறொரு தரநிலைக்கு உட்பட்டது, மேலிருந்து விழும் பொருளைத் தாங்குவதற்கானது, சாலையில் பக்கவாட்டாகச் சரியும் தலைக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கவசம் முகத்தின் எவ்வளவு பகுதியை மூடுகிறது என்பது. ஜெர்மனியின் ஹானோவர் நகரில் விபத்து ஆய்வாளர் டீட்மார் ஓட்டே, விபத்துக்குள்ளான கவசங்களில் அடி எங்கெங்கு விழுந்தது என்று வரைபடமாக்கியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மோதல்கள் தாடைப் பகுதியில் பதிவாகியிருந்தன. காதுவரை மட்டும் மூடும் அரைக்கவசமும் முகம் திறந்த கவசமும் இந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடுகின்றன; வேகம் மிகுந்த நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் முழுமுகக் கவசத்தைத் தேர்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தரமான கவசமும் பொருந்தாத தலையில் பயனற்றது. புருவத்துக்கு மேல் ஓர் அங்குல உயரத்தில், தலையின் பின்புறத்தில் மிகத் துருத்திய பகுதியையும் சேர்த்து, தையல் நாடாவால் சுற்றளவை எடுத்து, அந்தச் சென்டிமீட்டர் அளவுக்குரிய கவசத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அணிந்ததும் கன்னச்சதை சற்று மேலெழும் அளவுக்கு உட்புறப் பஞ்சு அழுத்த வேண்டும். நெற்றியில் மட்டும் வலிக்கும்படியோ, உச்சியில் மட்டும் இடைவெளி விழும்படியோ இருந்தால் அளவு சரியாயிருந்தாலும் வடிவம் பொருந்தவில்லை என்று பொருள். தாடைப்பட்டையைக் கட்டிய பின் தலையை இடமும் வலமும் அசைத்தால் கவசம் தலையோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளினால் கழன்று வரக் கூடாது. பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடமே போதுமானது. பத்து நிமிடம் அணிந்தபடியே கடையில் நின்று பார்த்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் வரப்போகும் வலி அங்கேயே தெரிந்துவிடும். குழந்தைக்கு வாங்கும்போது, வளர்ந்த பிறகும் உதவும் என்று பெரிய அளவை வாங்குவது சட்டைக்குப் பொருந்தலாம், கவசத்துக்குப் பொருந்தாது.

நிறமும் பாதுகாப்போடு தொடர்புடையது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கறுப்புக் கவசம் அணிந்தோரைவிட வெள்ளைக் கவசம் அணிந்தோருக்குக் காயம் விளைவிக்கும் விபத்தின் அபாயம் 24 விழுக்காடு குறைவாக இருந்தது. மற்ற ஓட்டுநர்களின் கண்ணுக்கு எளிதில் தெரிவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. வெண்மை வெயிலையும் குறைவாக ஈர்க்கும் என்பதால், கடற்கரைச் சாலைக்கு அது இருமடங்கு பொருத்தமானது.

அலைக்கான கவசம்

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் கற்றும் கற்பித்தும் வளர்த்த அலைச்சறுக்கு, இன்று சர்வதேசக் கவனம் பெற்ற விளையாட்டாகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் சர்வதேச ஓபன் போட்டியும் 2025 ஆகஸ்டில் ஆசிய வாகையர் போட்டியும் மாமல்லபுரத்தில் நடைபெற்றன. கடற்கரைக் கோயிலையொட்டிக் கடலுக்குள் கிடக்கும் பாறைகளும், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களும் இங்கே அலையின் வடிவத்துக்கு உதவுகின்றன. தலைக்கு ஆபத்தும் அவற்றாலேயே அமைகிறது. ஆனால் அலைச்சறுக்கில் காயம் விளைவிப்பவற்றுள் முதலிடம் பாறைக்கு உரியதன்று. 2002இல் வெளியான ஒரு விரிவான ஆய்வின்படி, காயங்களில் பாதிக்கு மேற்பட்டவை சறுக்குபவரின் சொந்தப் பலகை பட்டதால் விளைந்தவை. கணுக்காலோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட பலகை, அவர் விழுந்ததும் கயிறு இழுக்க மீண்டும் அவரை நோக்கியே பாய்கிறது.

இத்தகைய அடிகள் சாலை விபத்தைவிட வலுக்குறைந்தவை, ஆனால் ஒரே நாளில் பலமுறை நேரக்கூடியவை. ஒரே மோதலில் நசுங்கித் தீர்ந்துவிடும் நுரை இங்கு உதவாது. அடிவாங்கிய பின் பழைய வடிவத்துக்குத் திரும்பும் மென்மையான நுரை தேவை. மேலும் கவசம் நீரைத் தேக்கிவைக்கக் கூடாது. காதருகே நீரும் ஒலியும் கடந்து செல்ல வழி வேண்டும். முன்விளிம்பு நீண்டிருந்தால் அலையின் வேகம் அதைப் பிடித்து இழுத்துக் கழுத்தைத் திருகிவிடும் என்பதால், தலையை ஒட்டிய வடிவமே ஏற்றது. படகு விளையாட்டுகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 1385 இந்த வகைக் கவசங்களில் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். பிரேசில் வீரர் ஜோவாவ் சியான்கா, 2023 டிசம்பரில் ஹவாயின் பைப்லைன் அலையில் தலையில் அடிபட்டு மயங்கிய பிறகு, 2024 ஒலிம்பிக்கில் தாகிட்டியின் பவளப்பாறை அலையில் கவசத்தோடு சறுக்கினார். தலைசிறந்த வீரரே அணிந்த ஒன்றைப் பாறை சூழ்ந்த கரையில் பயிலும் தொடக்கநிலை மாணவர் அணிவதில் கூச்சத்துக்கு இடமில்லை.

பனிச்சரிவுக்கான கவசம்

தமிழ்நாட்டிலிருந்து காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் அவுலிக்கும் பனிச்சறுக்குப் பழகச் செல்வோர் முற்றிலும் வேறொரு தேர்வை எதிர்கொள்கிறார்கள். பனிச்சறுக்கு இருவகைப்படும்: பனியைச் சமன்படுத்திக் கம்பிவட ஊர்தி அமைத்துக் காவலரையும் நிறுத்தியுள்ள சரிவில் இறங்குவது ஒன்று, அத்தகைய ஏற்பாடு எதுவுமற்ற மலைச்சரிவில் சொந்தக் காலால் ஏறிப் பின் சறுக்கி இறங்குவது மற்றொன்று. முதல் வகைக்கு ஐரோப்பியத் தரநிலை இஎன் 1077 போதுமானது. அதில் ஏ பிரிவு காதுகளையும் உள்ளிட்டு அதிகப் பகுதியைக் காக்கிறது, பி பிரிவு காதுகளை மென்பஞ்சுக்கு விட்டு, காற்றோட்டத்தையும் செவிப்புலனையும் கூட்டுகிறது. இரண்டாம் வகையில் மேலிருந்து கல்லும் பனிக்கட்டியும் உருண்டு விழக்கூடும் என்பதால், உச்சியில் விழும் அடியைச் சோதிக்கும் மலையேற்றத் தரநிலையான இஎன் 12492ஐயும் சேர்த்து நிறைவுசெய்யும் கவசம் விரும்பப்படுகிறது. ஏறும்போது சுமையாகாத குறைந்த எடை, வேர்வையை வெளியேற்றும் திறந்து மூடக்கூடிய துளைகள், பனிக்கண்ணாடி நழுவாமல் பிடிக்கும் கொக்கி ஆகியன அடுத்துப் பார்க்க வேண்டியவை.

எந்தக் கவசத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் பனிமலை உணர்த்துகிறது. கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர், 2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸின் மெரிபெல் மலையில், குறியிட்ட இரு சரிவுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் விழுந்து பாறையில் மோதியபோது கவசம் அணிந்தே இருந்தார். ஆயினும் கடுமையான மூளைக்காயம் அடைந்தார். பனிச்சரிவு உடைந்து மூடினால் மூச்சுத்திணறலிலிருந்து கவசம் காக்காது. அதற்குப் புதையுண்டவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவியும், துழாவும் கோலும், மண்வெட்டியும், அவற்றைக் கையாளப் பழகிய துணையும் வேண்டும். கவசம் கடைசி அரண். நிதானமும் பயிற்சியும் அதற்கு முன் நிற்க வேண்டிய அரண்கள்.

கழற்றி வைக்கப்படும் கவசம்

சாலைக்கவசத்தையும் பனிக்கவசத்தையும் பயனற்றதாக்கும் பொதுவான காரணம் ஒன்றுண்டு: புழுக்கம். பனிமலையில் ஏறுபவர் வேர்வை தாளாமல் கவசத்தைக் கழற்றிப் பையில் கட்டிக்கொள்வதைப் போலவே, சித்திரை வெயிலில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்பவர் கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொள்கிறார் அல்லது பெட்ரோல் டேங்கின்மீது வைத்துக்கொள்கிறார். உப்புக்காற்றும் ஈரப்பதமும் கலந்த கடற்கரைப் புழுக்கம் மெய்யானது. அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ஆனால் அதற்குத் தீர்வு தேர்விலேயே இருக்கிறது: நெற்றியில் காற்று நுழையும் துளையும் பின்புறம் வெளியேறும் துளையும் நுரை அடுக்கில் வெட்டிய வாய்க்காலால் இணைக்கப்பட்ட கவசம், கழற்றித் துவைக்கக்கூடிய உட்துணி, வேர்வையை உறிஞ்சும் மெல்லிய பருத்திக் குல்லாய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தாங்கிக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது. வெளி ஓட்டில் துளைபோலத் தோன்றி, உள்ளே நுரையால் அடைபட்டிருக்கும் அலங்காரத் துளைகளை விரலால் தடவிப் பார்த்தே கண்டறியலாம்.

வாங்கிய கவசத்தைப் பேணுவதும் தேர்வின் தொடர்ச்சியே. பெட்ரோலும் பெயின்ட்டும் கரைப்பான்களும் நுரையையும் பிளாஸ்டிக் ஓட்டையும் அரிப்பதால், டேங்கின்மீது கவசத்தை வைப்பது தவறான பழக்கம். மென்மையான சோப்பு நீரால் மட்டும் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கடற்கரை ஊர்களில் பட்டையின் உலோகக் கொக்கியும் கண்ணாடியின் திருகும் துருப்பிடித்துள்ளனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். 1956இல் பந்தயத்தில் தலைக்காயத்தால் இறந்த பீட் ஸ்னெல்லின் நினைவாக 1957இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்னெல் அறக்கட்டளை, அடிபடாத கவசத்தையும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. பிறர் பயன்படுத்திய கவசத்தின் கடந்தகாலம் யாருக்கும் தெரியாது என்பதால், பழைய கவசத்தை வாங்குவதும் இரவல் பெறுவதும் தவிர்க்கத்தக்கவை.

சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பல உயிர்களைக் காக்கும் அந்த 48 மணி நேரம், தலை தரையைத் தொட்ட பிறகே தொடங்குகிறது. மோதல் நிகழும் அந்த நூறில் ஒரு பங்கு நொடியில் மருத்துவரோ அரசோ உடன் இருக்க இயலாது, சரியாகத் தேர்ந்து, சரியாகக் கட்டிய கவசம் மட்டுமே இருக்க இயலும். ஆகவே அடுத்த முறை கவசத்தை வாங்கும் ஒவ்வொருவரும் எந்த வீழ்ச்சிக்கு என்று கேட்டு வாங்குக. வாங்கியதை முழங்கையில் மாட்டாமல் தலையில் அணிந்து, பட்டையையும் பூட்டிக்கொள்க.